பேக் ஃபயருக்குப் பிறகு கிளம்பாத பழைய இன்ஜின்

பழைய கார் ஒன்று ஓட்டத்திலோ செல்ஃப் அடிக்கும்போதோ 'டப்' என்று ஒருமுறை வெடிக்கிறது. அதன்பிறகு எத்தனை முறை சாவியைத் திருப்பினாலும் கிளம்ப மறுக்கிறது. பானெட்டைத் திறந்தவுடன் பெரும்பாலும் கை போவது பெட்ரோல் பைப்புக்குத்தான். பைப்பைக் கழற்றிப் பெட்ரோல் வருகிறதா என்று பார்ப்பார்கள், ஜெட்டைக் கழற்றி ஊதுவார்கள், பம்பைத் தட்டிப் பார்ப்பார்கள். ஆனால் அந்த வெடிப்பே ஒரு செய்தியைச் சொல்லிவிட்டது. வெடித்ததென்றால் பெட்ரோல் வந்திருக்கிறது, காற்று வந்திருக்கிறது, நெருப்பும் பிடித்திருக்கிறது. மூன்றும் இருந்தும் இன்ஜின் ஓடவில்லை என்றால், தப்பிப்போனது நேரம். எரிய வேண்டிய கணத்தை விட்டு வேறொரு கணத்தில், எரிய வேண்டிய அறையை விட்டு வேறோர் இடத்தில் தீப்பிடித்திருக்கிறது. ஆகவே பேக் ஃபயருக்குப் பின் நின்றுபோன இன்ஜினில் முதலில் தேட வேண்டியது நேரத்தை. பெட்ரோலைக் கடைசியில் தேடலாம். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் பார்ப்போம். ஆனாலும் தேடும் வரிசை இதுவாக இருந்தால் பாதி நாள் வேலை அரை மணியில் முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இங்கே பேசப்போவது பாயிண்ட், கண்டென்சர், கார்புரேட்டர் உள்ள இன்ஜின்களைப் பற்றி. முதன்மை எடுத்துக்காட்டாக அம்பாசடரை எடுத்துக்கொள்கிறேன். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 மே வரை தயாரான வண்டி அது. அதன் பெயர்பெற்ற பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ்: 1,489 சி.சி., 73 மி.மீ. போர், 88.9 மி.மீ. ஸ்ட்ரோக், ஒரே வரிசையில் நான்கு சிலிண்டர். 1955இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே 1,489 சி.சி. இன்ஜின்தான் இருந்தது. அம்பாசடரில் கற்ற பாடம் அக்காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றுக்கும் அப்படியே பொருந்தும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும், பம்பாயில் தயாரான பிரீமியர் பத்மினியிலும் சிலிண்டர்கள் எரியும் வரிசை இதிலுள்ள அதே 1-3-4-2தான்.

நேரம் என்று சொல்லும்போது எவ்வளவு சிறிய நேரம் என்பதையும் மனதில் கொள்ள வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது, கிராங்க் ஒரு டிகிரி நகர ஒரு நொடியில் 18,000இல் ஒரு பங்கு போதும். அந்த வேகத்தில் நொடிக்கு 100 முறை பாயிண்ட் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று. வால்வுகளைத் திறப்பதும் அந்தக் கேம்ஷாஃப்ட்தான், டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவதும் அதுதான். ஆக, காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் நேரம், எரிந்த புகை வெளியேறும் நேரம், பிளக்கில் பொறி விழும் நேரம் ஆகிய மூன்றும் ஒரே தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியில் எங்கோ நழுவியதைத்தான் நமக்கு வெடிச்சத்தம் அறிவிக்கிறது.

வெடிப்பில் இரண்டு வகை. இரண்டையும் பேக் ஃபயர் என்றே சொல்கிறோம். ஆனால் காரணங்கள் வெவ்வேறு. முன்பக்கம், கார்புரேட்டர் வழியாக வெடிப்பது ஒன்று. இன்லெட் வால்வு இன்னும் திறந்திருக்கும்போது சிலிண்டரில் தீ இருந்தால் அது மேனிஃபோல்டுக்குள் பாய்ந்து, அங்கே காத்திருக்கும் கலவையைப் பற்றவைக்கும். பொறி மிக முன்கூட்டியே விழுவது, பிளக் வயர்கள் இடம் மாறியிருப்பது, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்குக் கரண்ட் தாவுவது, இன்லெட் வால்வு சிக்கித் திறந்தே நிற்பது எல்லாம் இதற்குக் காரணம் ஆகும். கலவையில் பெட்ரோல் குறைந்தாலும் இதே சத்தம் வரும். பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாக எரியும். அடுத்த முறை இன்லெட் வால்வு திறக்கும்போதும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். காரணம் பெட்ரோல்தான் என்றாலும், வெடிப்பாக மாற்றுவது அங்கேயும் நேரம் தவறிய தீதான்.

மற்றது பின்பக்கம், சைலன்ஸர் வழியாக வெடிப்பது. எரியாத கலவை சைலன்ஸருக்குள் போய்ச் சேர்ந்து, அடுத்து வரும் சூடான புகையால் பற்றிக்கொள்கிறது. கலவை ரிச்சாக இருப்பது, பொறி தாமதமாக விழுவது, எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாமல் இருப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக இக்னிஷன் விட்டுவிட்டு வேலை செய்வது இதன் காரணங்கள். சாவித் துளையின் உள்ளே காண்டாக்ட் தேய்ந்திருந்தால் ஓட்டத்தில் ஒரு கணம் கரண்ட் அறுந்து மீண்டும் வரும். அந்த ஒரு கணத்தில் பல சிலிண்டர் நிறையக் கலவை எரியாமலேயே சைலன்ஸருக்குப் போய்விடும். பின்னால் பெரிதாக வெடித்து, உடனே இன்ஜின் அடியோடு செத்துப்போனால் முதல் சந்தேகம் கரண்ட் பாதையின் மேல்தான் விழ வேண்டும். லூகாஸ் வயரிங்கில் சாவியிலிருந்து காயிலுக்குப் போவது வெள்ளை வயர், காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது கறுப்புக் கோடிட்ட வெள்ளை வயர். ஒரு டெஸ்ட் பல்பை வைத்துக்கொண்டு இந்த இரண்டு வயர்களையும் பின்தொடர்ந்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஆகையால் வண்டியின் மேல் கை வைக்கும் முன் ஓட்டியவரிடம் கேட்க வேண்டியவை உண்டு. சத்தம் முன்னாலிருந்து வந்ததா பின்னாலிருந்தா? ஓடும்போதா, செல்ஃப் அடிக்கும்போதா? அதற்கு முன் மிஸ்ஸிங் அடித்ததா? அண்மையில் யாராவது பிளக் வயரையோ பாயிண்ட்டையோ கழற்றி மாட்டினார்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால் மற்ற எதையும் பார்க்கும் முன் வயர் வரிசையைப் பார்க்க வேண்டும். பி-சீரிஸ் இன்ஜினில் ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். மூடியிலும் அந்தத் திசையில்தான் 1-3-4-2 என்று எண்ண வேண்டும். வழக்கமான சுழற்சி என்று நினைத்து மறுபக்கமாக மாட்டினால் ஒன்றும் நான்கும் சரியாக விழும். இரண்டும் மூன்றும் இடம் மாறிவிடும். அப்போது இன்ஜின் குலுங்கி, இருமி, கார்புரேட்டர் வழியாக வெடிக்கும்.

வெடிப்பு எதையாவது உடைத்ததா, அல்லது ஏற்கெனவே உடைந்த ஒன்று வெடிப்பை உண்டாக்கியதா? இந்த விஷயத்தில் மெக்கானிக்குகள் இரு கட்சியாகப் பிரிந்து பேசுவதைக் கேட்கலாம். நான் பெரும்பாலும் இரண்டாவது கட்சி. டைமிங் செயின் தாவியிருந்தால், டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப் போல்ட் தளர்ந்து அது தானாகத் திரும்பியிருந்தால், கண்டென்சர் உயிரை விட்டிருந்தால், முதல் அறிகுறி வெடிப்பு, இரண்டாவது அறிகுறி கிளம்பாமை. இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள். வெடிப்பைக் குற்றவாளியாக நினைத்து அது சேதப்படுத்தியதை மட்டும் தேடினால் மூலக்காரணம் அப்படியே இருக்கும்.

அதற்காக வெடிப்பு ஒன்றுமே செய்யாது என்று சொல்லிவிட முடியாது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கட் பிய்ந்துபோகலாம். அதன்பின் அந்த இடைவெளி வழியாகக் காற்று இழுத்து, கலவை லீனாகி, கிளம்பாமல் போகும். எஸ்.யூ. கார்புரேட்டரில் மேலும் கீழும் ஏறி இறங்கும் பிஸ்டன் எதிர்க்காற்றில் அடிபட்டுச் சிக்கிக்கொள்ளலாம். விரலால் தூக்கி விட்டால் 'டக்' என்று கீழே விழ வேண்டும். அமெரிக்க வி-8 கார்களில் உள்ள ஹாலி கார்புரேட்டருக்கு இதில் தனிக் கதை உண்டு. அதன் பவர் வால்விலுள்ள மெல்லிய டயஃப்ரம் பேக் ஃபயரில் கிழிந்து, பெட்ரோல் தாறுமாறாக இன்ஜினுக்குள் கசியும். 1992 முதல் தயாரான ஹாலி கார்புரேட்டர்களில் இதைத் தடுக்க ஒரு சிறு செக் வால்வு வைத்தார்கள். அதற்கு முந்தையவற்றில் வெடிப்புக்குப் பின் பிளக்குகள் நனைந்தே இருந்தால் இந்த டயஃப்ரத்தைப் பார்க்காமல் விடக்கூடாது.

பின்பக்க வெடிப்பு சைலன்ஸரைப் பிளந்தால் சத்தத்தில் தெரிந்துவிடும். தெரியாமல் ஏமாற்றும் சேதம் வேறு. சைலன்ஸருக்குள் இருக்கும் துருப்பிடித்த தடுப்புத் தகடு பெயர்ந்து குழாயையே அடைத்துவிடும். புகை வெளியேற வழியில்லாத இன்ஜின் ஓரிரு முறை இருமி நின்றுவிடும். பொறி சரியாக இருக்கும், பெட்ரோல் சரியாக இருக்கும், டைமிங்கும் சரியாக இருக்கும், ஆனாலும் கிளம்பாது. மேனிஃபோல்டுக்குக் கீழே எக்ஸாஸ்ட் குழாயின் இணைப்பைத் தளர்த்திவிட்டுச் செல்ஃப் அடித்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை வெளிவரும்.

செல்ஃப் அடிக்கும்போது வெடித்திருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரும் அடிவாங்கியிருக்கலாம். பொறி அளவுக்கு மீறி முன்னால் விழுந்தால் பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடித்து, கிராங்கைத் திருப்பி உதைக்கும். பழைய லூகாஸ் ஸ்டார்ட்டரில் பல் சக்கரம் ஃபிளைவீலோடு சிக்கிக்கொள்வது இப்படித்தான். அதன் தண்டின் நுனி சதுரமாக இருக்கும். மூடியை எடுத்துவிட்டு ஸ்பேனரால் திருப்பினால் விடுபடும். இந்த உதை கைப்பிடி போட்டுச் சுழற்றிய காலத்தில் எலும்பை முறித்தது. மணிக்கட்டின் ரேடியஸ் எலும்பு முனை முறிவுக்கு மருத்துவத்தில் இன்றும் 'ஷோஃபர் முறிவு' என்று பெயர். 'பேக் ஃபயர் முறிவு' என்ற பெயரும் அதற்கு உண்டு. 1912 கேடிலாக்கில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது இந்த ஆபத்தை ஒழிக்கத்தான். அதை உருவாக்கிய சார்லஸ் கெட்டரிங்தான், பேட்டரி-காயில்-பாயிண்ட் என்ற இக்னிஷன் முறையையும் 1910 கேடிலாக்கில் கொண்டுவந்தவர். நாம் இங்கே பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் அமைப்பு அவருடையதுதான். அம்பாசடரைக் கைப்பிடியால் சுழற்றுபவர்கள் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் கண்டிப்பாகச் சொன்னதற்கும் இந்த உதைதான் காரணம்.

இனி தேடும் வரிசைக்கு வருவோம். முதல் விதி: டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பாதீர்கள். கிளம்பாத இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று திருப்பிப் பார்ப்பது நம் ஒர்க்‌ஷாப்புகளில் ஊறிப்போன பழக்கம். திருப்பிய மறுகணமே இருந்த ஒரே சாட்சியத்தையும் அழித்துவிடுகிறோம். அது தானாக நகர்ந்திருந்ததா, இல்லையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. திருப்பியே ஆக வேண்டும் என்றால் டிஸ்ட்ரிபியூட்டரிலும் பிளாக்கிலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு கிழித்துவிட்டுத் திருப்புங்கள்.

இரண்டாவது, காதைத் தீட்டிக்கொண்டு செல்ஃப் சத்தத்தைக் கேளுங்கள். நல்ல நான்கு சிலிண்டர் இன்ஜின் செல்ஃபில் சுற்றும்போது ஒரே சீரான தாளம் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது மோட்டார் கொஞ்சம் திணறும். அந்தத் திணறலே இல்லாமல் தையல் இயந்திரம் போல விரைவாகச் சுற்றினால் கம்ப்ரஷன் இல்லை என்று பொருள்: டைமிங் செயின் அறுந்திருக்கலாம், அல்லது பல் தாவி வால்வுகள் தவறான நேரத்தில் திறக்கலாம். தாளத்தில் ஓர் இடம் மட்டும் விட்டுப்போனால் ஒரு சிலிண்டரில் வால்வு சிக்கியிருக்கிறது. இந்தக் கேட்புக்குக் கருவி எதுவும் வேண்டாம், பழக்கம் மட்டும் போதும். டைமிங் பெல்ட் உள்ள பிற்காலக் கார்களில் தாளம் மாறியிருப்பது தெரிந்தவுடன் செல்ஃப் அடிப்பதை நிறுத்திவிட வேண்டும். பெல்ட் தாவியிருந்தால் சில இன்ஜின்களில் பிஸ்டன் வால்வின் மேலேயே மோதி வளைத்துவிடும்.

மூன்றாவது, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பிளக்குகளையும் எடுத்துவிட்டு, சாவியை அணைத்து, இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ரோட்டார் சுற்றுகிறதா? சுற்றினால் டைமிங் செயின், கேம்ஷாஃப்ட், அதிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சாய்பற்சக்கரம், இணைப்புத் தண்டு ஆகிய நான்கும் உயிரோடு இருக்கின்றன என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். சுற்றாவிட்டால் பழுது அந்த நான்கில் ஒன்றில். செயினின் தளர்ச்சியையும் இதே நிலையில் அளக்கலாம். கிராங்கை ஒரு பக்கம் சுற்றி நிறுத்திவிட்டு, மெல்ல மறுபக்கம் திருப்புங்கள். ரோட்டார் அசையத் தொடங்கும் முன் கிராங்க் எத்தனை டிகிரி சும்மா நகர்கிறதோ, அவ்வளவு தேய்மானம். செயினோடு சாய்பற்சக்கரத்தின் இடைவெளியும் அதில் சேர்ந்திருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இந்தச் சோதனையின் அருமை அமெரிக்கப் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1960களின் பிற்பகுதி முதல் ஷெவர்லே, பாண்டியாக் உள்ளிட்ட வி-8 இன்ஜின்கள் பலவற்றில், சத்தம் குறைய வேண்டும் என்பதற்காகக் கேம் சக்கரத்தின் பற்களுக்கு நைலான் பூசினார்கள். வருடங்கள் ஓடச் சூட்டில் நைலான் பொரிந்து உதிரும், செயின் தளரும், ஒருநாள் செல்ஃப் அடிக்கும்போது பல் தாவும். கார்புரேட்டரில் ஒரு வெடிப்பு, பிறகு மௌனம். உதிர்ந்த நைலான் துண்டுகள் எண்ணெய்ப் பம்பின் வலையில் போய் அடைத்துக்கொள்வதால், சக்கரத்தை மாற்றும்போது எண்ணெய்த் தொட்டியையும் இறக்கியே ஆக வேண்டும். 'வெடித்தது, பிறகு கிளம்பவில்லை' என்ற புகாரின் மிகத் தூய வடிவம் இந்த இன்ஜின்களில்தான் கிடைக்கிறது.

ரோட்டார் சுற்றினால் மட்டும் போதாது, சரியான இடத்தில் நிற்க வேண்டும். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் விரலை வைத்துக்கொண்டு கிராங்கைச் சுற்றினால், காற்று விரலைத் தள்ளும்போது அது கம்ப்ரஷன். கப்பியிலுள்ள வெட்டு டைமிங் முள்ளுக்கு நேரே வரும்வரை சுற்றி நிறுத்துங்கள். இப்போது ரோட்டார், மூடியில் முதல் சிலிண்டர் வயர் இருக்கும் முனையைக் காட்ட வேண்டும். நேர் எதிர்ப்பக்கத்தைக் காட்டினால் டைமிங் அரைச் சுற்று மாறியிருக்கிறது. முதல் சிலிண்டரின் பொறி, வால்வுகள் திறந்திருக்கும் நேரத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. பி-சீரிஸ் டிஸ்ட்ரிபியூட்டரின் அடிநாக்கு மையத்திலிருந்து சற்று விலகி வெட்டப்பட்டிருப்பதால் டிஸ்ட்ரிபியூட்டரைத் தலைகீழாக மாட்ட முடியாது. ஆனால் அதன் கீழுள்ள இணைப்புத் தண்டை யாராவது கழற்றித் தவறாக இறக்கியிருந்தால் இந்தப் பிழை நேரும்.

அப்படியே ராக்கர் கவரையும் கழற்றிவிடுங்கள். அம்பாசடரில் இரண்டே நட்டு. பழைய கையேடுகள் இந்தப் பார்வையைப் பட்டியலின் பின்பகுதியில் வைக்கின்றன. நான் முன்பகுதிக்குக் கொண்டுவர விரும்புகிறேன், ஏனென்றால் இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு தகவல் வேறெங்கும் கிடைக்காது. முதல் சிலிண்டர் கம்ப்ரஷனின் உச்சியில் இருக்கும்போது நான்காம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஊஞ்சலாட வேண்டும், அதாவது ஒன்று மூடி முடியும் கணத்தில் மற்றது திறக்கத் தொடங்க வேண்டும். அந்த ஊஞ்சல் கப்பிக் குறியோடு ஒத்துவராவிட்டால் செயின் தாவிவிட்டது. பிறகு இன்ஜினை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றி எட்டு வால்வுகளும் ஏறி இறங்குவதைப் பாருங்கள். நாள்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் பழைய பெட்ரோலின் பிசின் வால்வுத் தண்டில் படிந்து இன்லெட் வால்வு ஒன்று திறந்தே நிற்பதும், புஷ்ராடு வளைந்து ராக்கரை விட்டு நழுவிக் கிடப்பதும் இங்கே கண்ணுக்கு நேராகத் தெரியும். ஒரு வால்வு மற்றவற்றைவிடக் குறைவாக எழும்பினால் கேமின் மேடு தேய்ந்திருக்கிறது. எக்ஸாஸ்ட் மேடு தேய்ந்தால் புகை முழுதும் வெளியேறாமல், இன்லெட் திறந்ததும் கார்புரேட்டர் பக்கம் சீறும். எப்போதும் ஒரே சிலிண்டரிலிருந்து வரும் முன்பக்க வெடிப்பின் காரணம் பல நேரம் இதுதான்.

வால்வு இடைவெளியையும் இந்தச் சமயத்திலேயே பார்த்துவிடலாம். இந்த இன்ஜினுக்கு 0.015 அங்குலம். இந்தியாவில் 2000ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. மக்கள் உடல்நலத்துக்கு அது மிக நல்ல முடிவு. ஆனால் வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வால்வு இருக்கையை வெட்டிய இந்த வகை இன்ஜின்களில், ஈயம் தந்த காப்பு இல்லாமல் எக்ஸாஸ்ட் இருக்கைகள் மெல்ல உள்ளிறங்கும். இருக்கை இறங்க இறங்க இடைவெளி குறையும். ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாமல் விளிம்பு எரியும். பின்பக்கம் அடிக்கடி வெடித்து, கிளம்புவதும் நாளுக்கு நாள் கடினமாகிக்கொண்டே வந்த வண்டிகளில் இந்த இடைவெளியைச் சந்தேகிக்க வேண்டும். கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் தீர்ப்பு இன்னும் தெளிவு. நான்கும் ஒரே அளவில் குறைந்திருந்தால் வால்வு டைமிங், அடுத்தடுத்த இரண்டு மட்டும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கட், ஒன்று மட்டும் என்றால் அந்த சிலிண்டரின் வால்வு.

எந்திர பாகம் சரி என்றால் மிஞ்சுவது பொறி. உண்மையில் பெரும்பான்மை வண்டிகளின் கோளாறு இங்கேதான் பிடிபடும். எந்திர பாகத்தை முன்னால் வைத்தது அதைப் பார்ப்பது எளிது, தவறவிட்டால் இழப்பு பெரிது என்பதால்தான்.

பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். பாயிண்ட்டின் நார்ப்பொருளாலான குதிகால் கேமில் உரசித் தேயத் தேய இடைவெளி சுருங்கும். சுருங்கச் சுருங்கப் பொறி தாமதமாகும். கேமுக்கு ஒரு துளி கிரீஸ் வைக்காத வண்டிகளில் இது வேகமாக நடக்கும். பாயிண்ட்டின் பிடிதிருகு தளர்ந்தால் இடைவெளி ஒரேயடியாக மூடிப் பொறியே நின்றுவிடும். முதலில் பின்னால் ஒரு வெடிப்பு, பிறகு ஒன்றும் இல்லை. கண்டென்சர் செய்யும் வேலை நுட்பமானது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் கரண்ட்டை உள்வாங்கிக்கொண்டு, பாயிண்ட்டின் இடையே தீப்பொறி தாவாமல் தடுத்து, காயிலின் காந்தப்புலம் சட்டென்று விழ உதவுகிறது. அது சட்டென்று விழுந்தால்தான் பிளக்குக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் கிடைக்கும். கண்டென்சர் கெட்டால் பாயிண்ட்டில் நீலமாகப் பெரிய பொறி விழும், பிளக்கில் மஞ்சளாக மெலிந்த பொறி விழும். சூடானால் கெட்டு, ஆறினால் சரியாகிற கண்டென்சர்களும் உண்டு. அவை சாலையோரத்தில் ஆளைப் பைத்தியமாக்கிவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே இரண்டு சிறு வயர்கள் இருக்கின்றன. ஒன்று பாயிண்ட்டுக்குக் கரண்ட் கொண்டுவருவது, மற்றது பாயிண்ட் தட்டை எர்த் செய்யும் பின்னல் வயர். வேக்குவம் அட்வான்ஸ் தட்டை அசைக்கும்போதெல்லாம் இரண்டும் வளைந்து நிமிரும். வருடக்கணக்கில் வளைந்து உள்ளே இழைகள் அறுந்திருக்கும், மேலுறை மட்டும் முழுதாக இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் விட்டு, விட்டால் சேர்ந்து, கடைசியில் ஒருநாள் அடியோடு விடும். புதுப் பாயிண்ட், புதுக் கண்டென்சர், புதுக் காயில் எல்லாம் போட்டும் தீராத வண்டிகளில் இந்த எர்த் வயர்தான் குற்றவாளியாக இருந்திருக்கிறது என்பதைப் பழைய கார் மெக்கானிக்குகள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ரோட்டாரைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும். அண்மைக் காலத்து மலிவு ரோட்டார்களில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட் அடியிலுள்ள தண்டுக்கு மிக அருகே வந்துவிடுகிறது. பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு கரண்ட் அங்கேயே எர்த் ஆகிவிடும். பார்வைக்குப் புத்தம் புதிதாக இருக்கும். சோதிப்பது எளிது: மூடியை எடுத்துவிட்டு, காயிலிலிருந்து வரும் நடு வயரை ரோட்டாரின் பித்தளை நடுவே சில மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து, சாவியைப் போட்டு, பாயிண்ட்டைக் கையால் திறந்து மூடுங்கள். வயரிலிருந்து ரோட்டாருக்குப் பொறி தாவினால் ரோட்டார் ஒழுகுகிறது. வயரின் உறை மீது நம்பிக்கை இல்லாவிட்டால் காப்பிட்ட குறடால் பிடியுங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிய வண்டியில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், மாடியூல் எரிந்துவிடும்.

மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். முனைக்கு முனை பென்சில் கோடு போலக் கறுப்பாக ஓடியிருந்தால் அதுதான் கரண்ட் தாவும் பாதை. சுரண்டினாலும் திரும்ப வரும், மூடியை மாற்றுவதே வழி. வி-8 இன்ஜின்களில் மூடி சரியாக இருந்தும் வயர்களே இந்த வேலையைச் செய்துவிடும். சிறிய பிளாக் ஷெவர்லேயின் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. அதில் ஐந்தும் ஏழும் அடுத்தடுத்து எரிபவை, பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களும்கூட. அவற்றின் வயர்களை ஒட்டி இணையாக விட்டால் ஐந்தாம் வயரின் கரண்ட் ஏழாம் வயரிலும் தூண்டப்பட்டு, ஏழாம் சிலிண்டர் 90 டிகிரி முன்னதாகவே தீப்பிடிக்கும்.

பொறி இருக்கிறது, நேரத்தில் விழுகிறது என்று தெரிந்த பிறகே பெட்ரோல். இதற்குள் பலமுறை செல்ஃப் அடித்திருப்போம் என்பதால் பிளக்குகள் நனைந்திருக்கும். அவற்றைக் கழற்றித் துடைத்து உலர்த்தி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, சோக் போடாமல் சுற்ற வேண்டும். பேட்டரியையும் கவனிக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் 9.6க்குக் கீழே இறங்கினால், ஸ்டார்ட்டர் சுற்றினாலும் காயிலுக்கு வலு இருக்காது.

முன்பக்க வெடிப்புக்கு லீன் கலவை காரணமாக இருக்கும் வண்டிகள் இப்போது பெருகிவருகின்றன என்பது என் எண்ணம். 2025இல் இந்தியப் பம்புகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பொதுவாகிவிட்டது. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் இருக்கிறது. தூய பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும்; இந்தக் கலவைக்கு 13.5 அளவில் போதும். புதிய கார்களின் கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். 1960களில் துளையிட்ட ஜெட்டுக்கு அது தெரியாது, பழைய அளவிலேயே விடும். அதனால் கலவை நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு லீனாகிவிடும். காலை நேரத்தில் சோக் சற்று முன்னதாகத் தள்ளினாலே கார்புரேட்டரில் 'பப்' என்ற சத்தம் வரும். எஸ்.யூ. கார்புரேட்டரில் ஜெட் நட்டைச் சில முகங்கள் இறக்கிக் கலவையைக் கூட்டலாம். சோலெக்ஸ் கார்புரேட்டரில் ஓர் அளவு பெரிய மெயின் ஜெட் வேண்டும். பம்பின் பழைய ரப்பர் டயஃப்ரம்களையும் பைப்புகளையும் எத்தனால் ஊறவைத்து இளக்கிவிடுகிறது. அவற்றையும் எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்ற வேண்டும்.

ஒரு பழக்கத்தைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், விட்டுவிடுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வாயில் பாட்டிலால் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிக்கச் சொல்வது. வெடித்து நின்ற இன்ஜினில் நேரம் தவறியிருக்கிறது என்று தெரிந்தும் அதன் வாயில் பெட்ரோலோடு முகத்தை வைப்பது தீக்காயத்துக்கு அழைப்பு. ஃபில்டர் தூசியை மட்டும் தடுப்பதில்லை, பின்னோக்கி வரும் சுவாலையையும் தடுக்கிறது. அமெரிக்காவில் படகுகளுக்குள் பொருத்தும் பெட்ரோல் இன்ஜின்களுக்கு, 1940 ஏப்ரல் 25க்குப் பிறகு பொருத்தியவை எல்லாவற்றுக்கும், கார்புரேட்டரில் சுவாலைத் தடுப்பு இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமே உண்டு. கார்புரேட்டரில் தீப்பிடித்துவிட்டால் செல்ஃபை நிறுத்தாமல் சுற்றினால் தீ உள்ளே இழுக்கப்படும். அதற்கும் அடங்காவிட்டால் உலர் பொடித் தீயணைப்பான். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் மிதந்து பரவும்.

பாயிண்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினால் இந்தத் தொல்லையெல்லாம் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. பாயிண்ட் தேய்மானமும் கண்டென்சரும் தீரும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்து ஆடுவது, ரோட்டார், மூடி, வயர், வால்வு, செயின் எதுவும் தீராது. மாடியூல் செத்தால் சாலையோரத்தில் ஃபீலர் கேஜை வைத்துக்கொண்டு செய்ய ஒன்றும் இல்லை. வண்டியைத் தினமும் ஓட்டுபவருக்கு எலக்ட்ரானிக் நல்லது. ஆனாலும் பழைய பாயிண்ட் தட்டையும் கண்டென்சரையும் டிக்கியில் வைத்துக்கொள்ளட்டும். பாயிண்ட்டிலேயே தொடர்பவர்களுக்கு என் பரிந்துரை, பெட்டி மாற்றிய பெயரில்லாச் சரக்கைத் தவிர்ப்பது. சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். இந்தியக் கார்களுக்குப் பல பத்தாண்டுகள் டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் ஸ்டார்ட்டரும் செய்து கொடுத்தது. புதுப்பேட்டைக் கடைகளில் அந்தப் பழைய உருப்படிகள் இன்றும் கிடைத்தால், நன்றாக இருக்கும் பழைய ரோட்டாரை இன்றைய மலிவுப் புதுசுக்கு மேலாக மதிக்கலாம்.

இன்ஜின் கிளம்பிவிட்டதும் உடனே ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. ஏர் ஃபில்டரின் காகிதம் கருகியிருக்கிறதா, எண்ணெய் ஊற்றும் வகை ஏர் ஃபில்டர் என்றால் எண்ணெய் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். மேனிஃபோல்டு இணைப்பிலும் கார்புரேட்டர் அடியிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், காற்று இழுக்கும் இடத்தில் ஐட்லிங் சட்டென்று மாறும். வேக்குவம் அட்வான்ஸ் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடித்தால் டயஃப்ரம் நிற்க வேண்டும், விட்டுக்கொடுத்தால் கிழிந்திருக்கிறது. பலமுறை செல்ஃப் அடித்ததில் எண்ணெயில் பெட்ரோல் இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அந்த எண்ணெயோடு நெடுஞ்சாலைக்குப் போகாமல் மாற்றிவிட்டுப் போங்கள்.